கால் மணி மழையும் ஒரு தையல் மிஷினும்

பெய்து முடிந்த மழையை வைத்து, இனி வரக்கூடிய பெருமழை எவ்வளவு கொட்டும் என்று கணக்குப் போடுவது என் தொழில். கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால மழையில் சிக்கி, காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் எல்லாரும் என் கட்சி.

குடை

பிரிக்பீல்ட்ஸில் நான் சாப்பிடும் வாழை இலைக் கடை அண்ணன் ஒருநாள் என் வேலையைப் பற்றிக் கேட்டார். கால் மணியில், ஒரு மணியில், ஒரு நாளில் அதிகம் போனால் எவ்வளவு பெய்யும் என்று பார்ப்போம், அதை வைத்துத்தான் கால்வாயின் அகலம் முடிவாகும் என்றேன். மரியாதையாகத் தலையாட்டினார். நான் படி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் குடை இல்லை. தன் குடையை நீட்டினார்.

"எல்லா மழையும் தெரியுது, இன்னிக்கு மழை மட்டும் தெரியாதாமா?"

மேசை மேல்

கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், கால்வாயை, எங்கள் பேச்சில் லோங்காங்கை, மாற்றிக் கட்டப் போகிறார்கள். மழைக்கணக்கு எங்கள் பெட்டாலிங் ஜெயா அலுவலகத்துடையது. இடம் பார்க்கப் போனேன். கடைசி வீட்டு புஷ்பா ஆன்டி ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். மழை வலுத்தால் கால்வாய் நிரம்பித் தண்ணீர் கூடத்துக்கே வந்துவிடும். அதனால் தையல் மிஷின் மேசை மேல் ஏறி நின்றது. தீபாவளிக்குத் தைக்க வந்த பட்டு நனைந்து சாயம் இறங்கியதில் ஒரு வாடிக்கைக்காரர் போயே போய்விட்டாராம். மழைமானி வைக்க இடம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மழைய ஆளாளுக்கு அளந்துட்டுப் போறீங்க. லோங்காங்க எப்பமா அளப்பீங்க?"

திரும்பிப்போன மழை

அரை மணி மழைக்கு ஒரு கணக்கு, ஒரு மணி மழைக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போடுவது பலருக்கும் பழக்கம். நானும் அப்படியே போட்டேன். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அதாவது, மிகப் பெரிய மழை என்றால் ஒரு மணியில் பெய்வது, அதற்குள் அடங்கிய அரை மணியில் பெய்வதைவிடக் குறைவு! பக்கத்து மேசை குமார் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"மிச்ச அரை மணியில மேகம் தண்ணிய திருப்பி எடுத்துக்கிச்சா லா?"

சத்தம்

எல்லா நேர அளவுகளையும் ஒரே கணக்கில் இணைத்தேன். கோடுகள் ஒழுங்குக்கு வந்தன. ஆனால் கால் மணி மழை நாங்கள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. திட்டத்தில் இருந்த கால்வாய் அதற்குப் போதாது.

கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் கூட்டம். "ஒரு நாள் மழைக்கு இந்த அளவே தாங்கும்" என்றார் திட்ட மேலாளர் அங்கிள். நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் தாங்கும்தான். மேருவில் எந்த மழை அப்படிப் பொறுமையாகப் பெய்கிறது? கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் மேசை மேல் நின்ற மிஷின் கண்ணுக்குள்ளேயே இருந்தது. எழுந்தேன். பேச ஆரம்பித்ததும் கூரையில் மழை கொட்டியது. கத்தினேன். படத்தைக் காட்டிக் காட்டிக் கத்தினேன். எப்போதோ மழை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை.

"கேக்குதுமா, நல்லாவே கேக்குது. அகலமாவே போட்டுடலாம், உக்காரு."

உள்ளே

புதுக் கால்வாய் கட்டிய பிறகு வந்த முதல் பெருமழைக்கு மறுநாள் மேருவுக்கு ஓடினேன். கூடம் காய்ந்திருந்தது. மிஷின் தரைக்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆன்டி சிரித்தபடி கோப்பி கொடுத்தார். பிறகு வாசலுக்கு அழைத்துப் போய், அகன்ற கால்வாய்க்கு அந்தப் பக்கம் தெருவில் நின்ற தன் பழைய காரைக் காட்டினார்.

"தண்ணி உள்ள வரலமா. இப்ப காரும் உள்ள வரமாட்டேங்குது லா!"

கால் மணியிலிருந்து ஒரு நாள் வரை எல்லா மழையையும் ஒரே கணக்கில் அடக்கிவிட்ட எனக்கு இப்போதைய வேலை, அந்தக் காருக்கு ஒரு சிறு பாலம் கேட்டு மறுபடியும் கத்துவது.