சென்னிமலை போட்ட பச்சை விளக்கு

திருச்செங்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த சென்னிமலைக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ரிப்பேருக்கு வந்த கிணற்று மோட்டார்கள் வரிசை கட்டிக் கிடக்க, மனுஷன் பொம்மை ரயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். எழுபத்தெட்டில் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சீமை ரயில் செட்டை வாங்கிவந்தது முதல் இந்தப் பைத்தியம்தான். "ரயிலே வராத ஊருல இவருக்கு மட்டும் ரயிலு கேக்குதுங்க" என்று மனைவி வசந்தாமணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ரயில் ஓடுவதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டில்தான் அவர் உயிரே இருந்தது. அங்கே நாக்கு மாதிரி இரண்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். இந்தப் பக்கம் ஒட்டினால் ரயில் நேராகப் போகும், அந்தப் பக்கம் ஒட்டினால் கிளையில் திரும்பும். செட்டோடு வந்த பாயிண்டைக் கையால்தான் தள்ள வேண்டும். அவர் மின்விசிறிக் கம்பியில் குட்டிக் காயில் சுற்றி, பட்டனை அழுத்தினால் நாக்கு நகரும்படி செய்தார். விரலை எடுக்கச் சற்றே தாமதித்தால் காயில் கருகிவிடும். ஏழெட்டு அப்படிக் கருகின. பிறகு சேலத்து ரேடியோக் கடைக்காரரை நச்சரித்து, பதினாலு கால் பூச்சி போலிருக்கும் ஐ.சி. என்ற மின்னணுத் துண்டைப் பற்றித் தெரிந்துகொண்டார். ஒன்று என்றால் நேர்ப்பாதை, பூஜ்ஜியம் என்றால் கிளை. அழுத்தியது எந்தப் பட்டன் என்பதை ஐ.சி. நினைவில் வைத்துக்கொள்ளும். காயிலுக்கு ஒரு நொடி மட்டும் கரண்டு விட்டு, பலகையில் நேர்ப்பாதைக்குப் பச்சை, கிளைக்கு மஞ்சள் என்று விளக்கையும் எரியவைக்கும்.

எண்பத்துநாலில் இதைப் பொருட்காட்சியில் வைத்தார். சங்ககிரிப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் அரைமணி நேரம் அங்கேயே நின்றார். சரக்கு வேகன் வந்துபோக அவர் மில்லுக்குள் சொந்தத் தண்டவாளம் இருந்தது. "இதையே எங்களுக்குப் பெருசாப் போட்டுக் குடுங்க" என்றார். சென்னிமலைக்குத் தலைகால் புரியவில்லை. பொம்மையில் போட்ட ஒயரிங்கையே, காயில் இருந்த இடத்தில் மோட்டாரை வைத்து, அச்சு மாறாமல் மில்லிலும் போட்டார். அறையில் உட்கார்ந்து பட்டன் அழுத்தும் வேலை வசந்தாமணியின் அண்ணன் காளியண்ணனுக்குக் கிடைத்தது. அந்த வருஷம் இரண்டு வீட்டிலும் சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

எண்பத்தாறு ஆயுத பூஜைக்கு மில்லில் தண்டவாளத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பாயிண்டுக்குக் கும்பிடு போட்டு, அதன் மேலேயே காளியண்ணன் தேங்காயை உடைத்தார். மறுநாள் காலை முதல் வேகன் வந்தது. கிளைப்பக்கம் இருந்த நாக்கை நேர்ப்பாதைக்குத் திருப்பப் பட்டனை அழுத்தினார். பச்சை எரிந்தது. கொடியைக் காட்டினார். வேகனின் படியில் தொங்கியபடி வந்த மில் கூலியாள் காத்தான் அவருக்குக் கையசைத்தான். பாயிண்டில் ஏறிய வேகன் தடம் புரண்டு அவன் மேலேயே சாய்ந்தது. தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கொட்டாங்குச்சிச் சில்லு மாட்டியிருந்தது.

பாயிண்டைக் கண்ணால் பார்க்காமல் கொடி காட்டியதாகக் காளியண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பத்து நாளில் விசாரணை. அவரும் அதை ஒத்துக்கொண்டார். தேங்காயை உடைத்தது தன் கைதானே என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்.

நாலாம் நாள் மத்தியானம் சென்னிமலை கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, பொம்மைப் பாயிண்டின் இடுக்கில் ஒரு சின்னச் சில்லை வைத்துப் பட்டனை அழுத்தினார். நாக்கு பாதி வழியில் முட்டி நின்றது. பச்சை பளிச்சென்று எரிந்தது. விளக்கு எரிவது பட்டனை அழுத்தியதற்காக. நாக்கு போய் ஒட்டியதா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. பொம்மை மேஜை மேல் இருந்தவரை நாக்கு ஒட்டியதைக் கண்ணே பார்த்துக்கொண்டது. மில்லில் அறைக்கும் பாயிண்டுக்கும் எண்பது கஜம்.

நேரே மச்சான் காளியண்ணன் வீட்டுக்குப் போனார்.

"தப்பு உங்களுது இல்லீங் மச்சான். வெளக்குத்தான் பொய் சொல்லியிருக்குது. அது நான் போட்ட ஒயரிங்கு."

காளியண்ணன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத வெளிய சொல்லாதீங்க மாப்ள. எம்பேரு கெட்டது கெட்டுப்போச்சு. உங்களையும் சேத்து ஜெயில்ல போட்டா எந்தங்கச்சி என்ன பண்ணுவா?"

மச்சான் அப்படிச் சொன்னது சென்னிமலைக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததை நினைத்துத்தான் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. பொம்மைப் பாயிண்டின் ஓரத்தில் இரண்டு செம்புத் தகடு வைத்து, நாக்கு முழுக்க ஒட்டினால்தான் பச்சை எரியும்படி ஒயரை மாற்றினார். ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டு வசந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள். போக வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

விசாரணை நாளில் பொம்மை ரயில் பலகையைத் தோளில் சுமந்துபோய் மானேஜர் மேஜையில் வைத்தார். முதலில் ஒயரைப் பழையபடி மாட்டினார். சில்லை வைத்து அழுத்தினார், பச்சை எரிந்தது. அடுத்து ஒயரைத் தகடுகளுக்கு மாற்றினார். அதே சில்லு, விளக்கு எரியவில்லை. "மில்லுல இருக்கறது மொதல்ல காட்டுனதுங்க. போட்டது நானுங்க" என்றார். காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். சென்னிமலை இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்ததும், காயில் கட்டக்கூட ஆள் வராமல் கடையை மூடியதும் அப்புறம் நடந்தவை.

அன்று எல்லோரும் எழுந்துபோன பின்னும் காத்தானின் மனைவி பாவாயி சுவரோரம் நின்றிருந்தாள். மெல்ல மேஜையருகே வந்தாள்.

"ஏனுங்க, அந்தச் சில்ல எடுத்துப்போட்டு ஒருக்கா ஓட்டுங்க. நல்லபடியாப் போறதப் பாக்கோணும்."

சென்னிமலை சில்லை எடுத்தார். பட்டனை அழுத்தினார். நாக்கு போய் ஒட்டியது, பச்சை எரிந்தது, குட்டி வேகன் பாயிண்டைத் தாண்டி நேராகப் போய்ப் பலகையின் கடைசியில் நின்றது. பாவாயி அது நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு தகடு எதுக்குங்க?"

"அது இருந்தாத்தான் வெளக்கு பொய் சொல்லாதுங்க. அங்க நான் வெக்காம உட்டது அதத்தானுங்க."

அவள் குனிந்து விரல் நுனியால் தகட்டைத் தொட்டாள்.

"இத்துனூண்டுதானுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றார் சென்னிமலை.