இஸ்திரியக்கா தீர்த்துக்கொண்ட தலைவலி

அந்தச் சலவை நிலையத்தில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பெரிய விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் மேசைத் துணிகளும் வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்பை நீராவி உருளைக்குள் சுருக்கமில்லாமல் செலுத்துவது அவள் வேலை. அந்தப் பக்கம் நின்று வாங்கி மடிப்பவளுக்கு மடிப்புக்காரி என்று பெயர். இரண்டு பேருக்கும் நடுவே உருளை கொதித்துக்கொண்டிருக்கும். ஆவியில் ஒருத்தி முகம் மற்றவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் வாய் ஓயாது.

நாற்பதைத் தாண்டியதும் அவளுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, "இதைப் போட்டுட்டு வயித்தைக் காயப் போடக் கூடாது. கொஞ்சமா சாப்பிடுங்க, ஆனா நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார். இஸ்திரியக்கா அப்படியே செய்தாள். காலையில் ரொட்டி, பத்தரை மணி இடைவேளையில் ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு பிடி நிலக்கடலை, மதியம் அளவாகச் சோறு, அதைவிட அதிகமாகக் காய். உடம்பும் சொன்ன பேச்சைக் கேட்டது.

அப்போதுதான் புது மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். கூப்பிட ஒரு விசில், திட்டுவதற்கு முன்னால் ஒரு விசில். ஒரே வாரத்தில் அவர் பெயரே விசில் ஆகிவிட்டது. வந்த வேகத்தில் பத்தரை மணி இடைவேளையை எடுத்துவிட்டார். வந்த துணி முடிந்தால்தான் மதியச் சாப்பாடு என்றார். இரண்டு மணிக்கு மேல் யாருக்கும் தட்டு கிடையாது என்று உணவறைச் சுவரில் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்.

இஸ்திரியக்காவின் தலை அந்த வாரமே பேச ஆரம்பித்தது. முதலில் கண்ணோரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் துடிக்கும். விரிப்பின் விளிம்பு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. பிறகு இடது பக்கத் தலையை மட்டும் யாரோ பிளப்பது போல வலி இறங்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, சோப்பு வாசனை ஆகவே ஆகாது. சலவை நிலையத்தில் இவை மூன்றும்தான் உண்டு.

விசிலிடம் போய்ச் சொன்னாள். "சார், சர்க்கரை மாத்திரை போடறேன். நடுவுல ஒரு வாய் சாப்பிடலேன்னா தலை வெடிக்குது சார்."

"சர்க்கரைன்னா சாப்பாட்டைக் குறைக்கணும்மா. நீ என்னடான்னா கூட ஒரு வேளை கேக்கற!"

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது இஸ்திரியக்காவுக்கு இன்றுவரை மனப்பாடம்.

இடுப்பில் முடிந்து வைத்திருந்த கடலையை அவர் ஒருநாள் கண்டுபிடித்தார். "துணியில எண்ணெய் பட்டா யார் பதில் சொல்றது?" என்று பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். இன்னொரு நாள், மதியச் சாப்பாடும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தபோது, அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கியது. கண்ணில் ரம்பம் ஓடியது. உருளை எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கையை நீட்டிவிட்டாள். முன்கைத் தோல் சுருண்டது. வலியும் குமட்டலும் ஒன்றாக வந்து, வெளுத்த விரிப்பின் மேலேயே வாந்தி எடுத்தாள். மடிப்புக்காரி கத்திக்கொண்டே ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள்.

விசில் வந்து பார்த்தார். கையைப் பார்க்கவில்லை, விரிப்பைத்தான் பார்த்தார். "நல்லா நடிக்கற. பேசாம சினிமாவுல சேர்ந்துடு" என்றார். கைக்கு மருந்து வைத்துக் கட்டியதும், அந்த விரிப்பை அவளையே அலச வைத்தார். மறுநாள் அவளை உருளையிலிருந்து எடுத்து உணவறையில் பாத்திரம் கழுவப் போட்டார். அது தண்டனையாம்.

டாக்டரம்மா காயத்தைவிடத் தலைவலியைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். எப்போது வருகிறது, அன்றைக்கு என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தலைவலியோட முடிச்சு சாப்பாட்டுலதான் இருக்கு. ஒத்தைத் தலைவலி வர்ற உடம்புக்குப் பட்டினி ஆகாது. அதோட இந்த மாத்திரையும் சேர்ந்தா சர்க்கரை மடமடன்னு இறங்கிடும். வேர்க்கும், நடுங்கும், பின்னாலயே தலைவலி வந்து உக்காரும்."

"அப்ப எனக்கு வந்தது வியாதி இல்ல டாக்டரம்மா, அந்த ஆள்தான்" என்றாள் இஸ்திரியக்கா.

தண்டனை என்று போட்ட இடம் அவளுக்கு வரமாக அமைந்தது. உணவறையில் யாரும் விசில் ஊதி அவள் வாயை மூடவில்லை. நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டாள், தலைவலி அருகிவிட்டது. கைப்பக்குவமும் இருந்ததால் பாத்திரத்திலிருந்து காய் நறுக்க வந்தாள், காயிலிருந்து அடுப்புக்கு வந்தாள். பழைய சமையல்காரர் ஓய்வு பெற்றதும் உணவறையே அவள் பொறுப்பில் வந்தது.

தலைவலி போயிற்று, கோபம் மட்டும் குறையவே இல்லை. அவள் அதைப் பதமாக வைத்துக் காப்பாற்றினாள். விசிலுக்கு மட்டும் டீ ஆறிப் போயிருக்கும். குழம்பில் அவர் தட்டுக்கு மட்டும் காய் கிடைக்காது. வீட்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே புருஷன் கேட்பார்: "இன்னும் அந்த ஆளை விடலியா நீ? பாவம்மா."

"பாவம் பாத்தா என் கைத் தழும்பு போயிடுமா?"

புருஷன் தையலைப் பார்க்கக் குனிந்துகொள்வார்.

பிறகு ஒரு நாள் விசில், "சர்க்கரை இல்லாம டீ" என்றார். இஸ்திரியக்கா நிமிர்ந்து பார்த்தாள். சட்டைப் பையில் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அவரோ பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்: "நான்லாம் இப்ப ஒரே வேளைதான். காலையில மாத்திரை, தண்ணி, அவ்வளவுதான். இந்தச் சர்க்கரையை ஓட ஓட விரட்டிடறேன் பாருங்க."

சில வாரம் போயிருக்கும். மடிப்புக்காரி சாப்பிட வந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அக்கா, விசில் துணிக்கிடங்குல லைட்டை அணைச்சிட்டுப் படுத்திருக்கு. தலையை ஒரு பக்கமாப் பிடிச்சுக்கிட்டு முனகுது. இது அடிக்கடி நடக்குது."

இஸ்திரியக்காவுக்குக் கேட்டவுடனே புரிந்துவிட்டது. பாத்திரம் துலக்கும்போது அவளை அறியாமல் ஒரு பாட்டு வந்தது.

"உங்களுக்குத்தான் காரணம் தெரியுமே. ஒரு வார்த்தை சொல்லலாம்ல?" என்றாள் மடிப்புக்காரி.

"சொல்லலாம். சொல்ல மாட்டேன்."

அந்த மௌனத்தை அவள் ரசித்தாள். விசில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு முகம் திருப்பும்போதெல்லாம் அவள் மனதுக்குள், 'அனுபவி' என்றாள். அவரைப் பிடித்து அடித்திருந்தால்கூட இவ்வளவு சுகம் இருந்திருக்காது.

ஒரு நாள் இரண்டு மணி தாண்டி, எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு, விசில் உணவறை ஜன்னலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ஏம்மா, ஒரு தட்டு போடு."

"மணி ரெண்டு தாண்டிடுச்சு சார். ரூல்ஸ் சுவத்துலயே இருக்கு. நீங்க ஒட்டினதுதான்."

"தலை வெடிக்குதும்மா. கண்ணுல என்னவோ மின்னுது..."

"நல்லா நடிக்கறீங்க சார். சினிமாவுல சேர்ந்துடுங்க."

ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். பல வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம், ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. அடுப்பில் சாய்ந்து நின்று அதை மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தித்தித்தது.

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. கதவிடுக்கில் பார்த்தாள். விசிலின் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து, கை உதறிக்கொண்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்து யாருடனோ குழறிப் பேசிக்கொண்டிருந்தார். இதற்கு அடுத்தது மயக்கம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கணம் அப்படியே நின்றாள். அந்த ஒரு கணத்தை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

பிறகு சர்க்கரை டப்பாவை எடுத்து, தண்ணீரில் அள்ளிக் கொட்டிக் கலக்கிக்கொண்டு ஓடினாள். அவர் தலையைப் பிடித்து நிமிர்த்தி, வாயில் வைத்தாள். "மெதுவா. முழுங்குங்க. இன்னும் கொஞ்சம்." கண் நிலைக்கு வந்ததும் ரொட்டியும் முட்டையும் கொடுத்து உட்கார வைத்தாள்.

"நீ மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்தார் விசில்.

"நன்றியெல்லாம் வேண்டாம். நீங்க செத்துட்டா நான் யார்கிட்ட போய் நியாயம் கேக்கறது? அதான் காப்பாத்தினேன். உங்களுக்கு ஏன் தலை வலிக்குதுன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். சொல்லலை. வேணும்னுதான் சொல்லலை."

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடக்கறீங்க. டாக்டர்கிட்ட போய் அதையும் சொல்லுங்க, தலைவலியையும் சொல்லுங்க. இப்ப நடக்க முடியுதா? முடிஞ்சா என்கூட வாங்க."

உருளைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். பெண்கள் கையை நிறுத்தினார்கள். இஸ்திரியக்கா புடவைத் தலைப்பை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள். "அன்னிக்கு நான் நடிச்சேனா? சொல்லுங்க சார்."

விசில் தரையைப் பார்த்தார். "அன்னிக்கு... இவங்க நடிக்கலை" என்றார்.

"ஆவிச் சத்தத்துல கேக்கலை சார்!" என்றாள் மடிப்புக்காரி.

"இவங்க நடிக்கலை. தப்பு என்மேலதான்."

"இன்னொரு தடவை!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடமே சிரித்தது. இஸ்திரியக்கா சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து பத்தரை மணி இடைவேளை வேணும். சாப்பாடு சாப்பாட்டு நேரத்துல வேணும்" என்றாள். அவர் தலையாட்டினார். தலையாட்டியதற்குச் சாட்சியாக அத்தனை பேர் இருந்ததால் மறுநாள் மாற்றிப் பேச முடியவில்லை.

டாக்டர் அவர் மாத்திரையை மாற்றினார், பட்டினியை விடச் சொன்னார். தலைவலி குறைந்தது. இனிமேல் இரண்டு பேரும் ராசியாகிவிடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் தட்டில் இப்போது காய் நிறைய விழுந்தது, டீ சூடாக வந்தது. ஆனால் அவள் ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "மன்னிச்சிட்டியா?" என்று புருஷன் கேட்டதற்கு, "சோறு போடறேன், போதாதா?" என்றாள்.

விசில் ஓய்வு பெற்ற நாளில் கூடத்தை ஒழித்து நாற்காலி போட்டார்கள். ஆளாளுக்குப் புகழ்ந்து பேசிக்கொண்டே போனார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியது. கடைசியாக முதலாளி, "இஸ்திரியக்கா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்.

"நான் பேச ஆரம்பிச்சா சாருக்கு இன்னும் நேரமாயிடும். முதல்ல அவரை எழுந்து சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர், மறுபேச்சு பேசாமல் எழுந்து போய்த் தட்டை எடுத்துக்கொண்டார்.