பிளாக்கியின் பசி

எண்ணூர் சாலையோரத்துக் கண்டெய்னர் யார்டு ஒன்றில் பிராங்கிளின் காவல்காரன். முன்பு நாய்ப் பண்ணையில் வேலை பார்த்தவன் என்பதால், யார்டு நாய் பிளாக்கியையும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். அடேயப்பா, அப்படியொரு சோம்பேறி! லாரிக்காரர்கள் வீசுகிற பரோட்டாவைத் தின்றுவிட்டுப் படுத்தால், இடி விழுந்தாலும் எழாது.

"மாதா திருவிழா அன்னிக்கு மொதலாளி வர்றாரு. நாயி சொன்ன பேச்சு கேக்கலன்னா, அதுவும் வாணாம், நீயும் வாணாம்" என்றார் மேனேஜர் ராமதாஸ்.

பிராங்கிளின் முதல் வேலையாக நாயின் தட்டை ஒளித்தான். பரோட்டா வீசியவர்களோடு சண்டை பிடித்தான். இனி தீனி அவன் கையிலிருந்துதான், அதுவும் சொன்னதைச் செய்தால்தான். வெந்த ஈரலைப் பொடிசாக நறுக்கி இடுப்புப் பையில் வைத்துக்கொண்டான். முதலில் பிளாக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவனும் பையை மூடிக்கொண்டு போனான். வயிறு காய்ந்ததும் வழிக்கு வந்தது. இன்னும் வேண்டுமென்று அது ஏங்கும்போதே நிறுத்திவிடுவான். கொஞ்ச நாளில் அவன் கையைக் கண்டாலே ஓடிவந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

திருவிழாவன்று அவன் மனைவி ஃப்ளோரா நேர்ச்சைச் சோறு கொண்டுவந்தாள். மாதா பேரில் ஆக்கிய சோற்றைப் பசித்த வாய்க்குக் கொடுத்த பிறகே வீட்டார் தொடுவது அவர்கள் வழக்கம். பிராங்கிளின் குளிக்கப் போயிருந்தான். பிளாக்கிக்கு விலா எலும்பு தெரிந்தது. பாவி மகளுக்கு மனசு கேட்கவில்லை. தூக்குவாளியை அதன் முன்னால் அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

முதலாளி வந்தார். பிராங்கிளின் ஈரலை எடுத்து நீட்டினான். "பிளாக்கி, உக்காரு!" நாய் ஈரலைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. லாரி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இன்னா புள்ள பண்ணி வெச்ச?" காலித் தூக்குவாளியைப் பார்த்துப் பிராங்கிளின் கத்தினான்.

"மாதா நாள்ல வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்கலாமாயா?" என்று அழுதாள்.

அன்றே அவன் வேலை போனது. பிளாக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கேயோ இறக்கிவிட்டார்கள். பிராங்கிளின் பைத்தியம் பிடித்தவன்போல் தேடினான். மாதவரம் லாரி நிறுத்தத்தில் பார்த்ததாக ஒரு டிரைவர் சொன்னதும், போட்டது போட்டபடி ஓடினான்.

டீக்கடை வாசலில் இருந்தது. எலும்பும் தோலுமாய், ஒரு கால் நொண்டி. டீ குடிக்க வருகிற ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிமிர்ந்து உட்கார்ந்தது. விரட்டினால் அடுத்தவரிடம் போனது. யாரும் சொல்லாமலே செய்தது.

"பிளாக்கி!" என்று கூப்பிட்டான்.

நொண்டிக்கொண்டே வந்து அவன் முன்னாலும் உட்கார்ந்தது. பார்வையெல்லாம் அவன் கைமேல்தான். கையில் ஒன்றுமில்லை. அவன் பன் வாங்கக் கடைக்காரரிடம் திரும்புவதற்குள், பிளாக்கி எழுந்து அடுத்த ஆள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது.