புல் வளர்த்த உலகநாதன்

"ஒதுங்குங்கடா, பந்து வருது!" என்று கூவிவிட்டு உலகநாதன் மட்டையை வீசுகிறார். வில்லியனூருக்கு மேற்கே, அறுவடை முடிந்த அவருடைய கழனியில் வரப்பு வெட்டும் ஆட்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் அடி தப்பாது என்று அவர்களுக்குத் தெரியும். பந்து களத்தோரம் போய் விழுகிறது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரும் பின்னாலேயே போகிறார்.

அந்தத் தொப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொம்யூன் தலைவரான மேர் ஐயா எதிரே வந்தால் மட்டுமே அது தலையை விட்டு இறங்கும். மற்றவர்களுக்கெல்லாம் விளிம்பை ஒரு விரலால் தொடுவதோடு சரி. கல்யாணப் பந்தியிலும் தொப்பியோடு உட்கார்ந்து பாயசம் குடித்த மனிதர்.

புதுச்சேரி ஆலையில் இருந்த ஓர் ஆங்கிலேய இன்ஜினியர் ஊசுட்டேரிக்கு வாத்து சுட வருவார். வாத்து அகப்படாத நாட்களில் உலகநாதனின் கழனியில் கோல்ஃப் அடிப்பார். கூட அடித்தே இவரும் கற்றுக்கொண்டார். துரை சீமைக்குத் திரும்பியபோது மட்டைகளை இவரிடமே விட்டுப் போனார். பந்து விழவேண்டிய குழி இருப்பது நெல்லடிக்கும் களத்தில். சாணம் மெழுகிய தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போய்க் குழியில் இறங்குவதைப் பார்க்க, பக்கத்துக் கழனிக்காரனான எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பொங்கலுக்குச் சைகோனிலிருந்து மனைவியின் தம்பி அரங்கநாதன் வந்தார். அங்கே சுங்க இலாகாவில் வேலை.

"சித்திரையில கப்பலேறி வந்துடுங்க மாமா. எம் மாமா உங்கள ஜெயிச்சுக் காட்டுவாருன்னு எங்க தொரைகிட்ட சவால் உட்டுட்டேன். ஆனா அங்க களம் கெடையாது. குழியச் சுத்திப் புல்லுதான்."

"புல்லுன்னா இன்னாடா? நாம பாக்காத புல்லா?" என்றார் உலகநாதன்.

மறுநாளே கோட்டுக்கு அளவு கொடுத்தார், தகரப் பெட்டி வாங்கினார். கிணற்றடியில் அறுகம்புல் பதித்து, நடுவில் குழி வெட்டித் தண்ணீரும் இறைத்தார். மனைவி கலியம்மாளின் செவலைப் பசு அந்தப் பக்கம் தலையை நீட்டினால் மட்டையோடு ஓடுவார்.

"மாடு வெறும் வைக்கோலத் தின்னுது, பந்து புல்லு மேல படுத்துக்குது. இன்னா நாயம்ங்க இது?" என்பார் கலியம்மாள்.

"சைகோன்ல ஜெயிச்சுட்டு வந்து உன் மாட்டுக்கு ஒரு கழனியே உடறேன், போ."

புல் மதமதவென்று வளர்ந்தது. கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கையில் முதல் தடவையாக அதில் பந்தை வைத்து ஆசையாகத் தட்டினார். அரை முழம் போய்ப் படுத்துக்கொண்டது. ஓங்கித் தட்டினால் குழியைத் தாண்டிக் கிணற்றுக்குள் விழுந்தது. பந்துகள்தான் போயினவே தவிர, ஒன்றும் குழிக்குள் இறங்கவில்லை. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"என் மானம் போனாப் போவட்டும்பா. அந்தப் பையன் அவன் தொரை மூஞ்சில எப்பிடி முழிப்பான்?" என்றார் என்னிடம். எனக்கே பாவமாக இருந்தது. கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, புதுச்சேரிக்குத் துணையாக வரச் சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை நான் போனபோது கோட்டும் தொப்பியுமாகக் கிளம்பி நின்றார். கிணற்றடியைக் கடக்கும்போது, "அடிப்பாவி!" என்று அலறினார். செவலை நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. புல் முழுவதும் தரையோடு தரையாகக் கிடந்தது. கயிற்றைப் பிடித்தபடி கலியம்மாள் நின்றிருந்தார்.

"நான்தான் அவுத்து உட்டேன். கத்தாதீங்க. நாக்காலயே சவரம் பண்ணி வச்சிருக்குது பாருங்க. இப்பத் தட்டுங்க."

முறைத்துக்கொண்டே பந்தை வைத்துத் தட்டினார். பந்து ஓடியது. களத்தில் ஓடுவதைவிடச் சற்று மெதுவாக, ஆனால் நேராக ஓடிக் குழிக்குள் விழுந்தது. தள்ளி வைத்து மறுபடியும் தட்டினார். மறுபடியும் விழுந்தது.

"எங்க வூட்டுப் புள்ள மானம் எனக்குப் பெருசு இல்லியா?" என்றார் கலியம்மாள்.

உலகநாதன் மட்டையைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றினார்.