விருப்பமில்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

அம்மா இடைசெவலில் பிறந்தார்கள். அப்பா இறந்தபோது அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கும் தம்பிக்கும் சோறு போட்டது கோவில்பட்டிப் பள்ளி ஒன்றில் கிடைத்த தையல் ஆசிரியை வேலை. அதுவும் தற்காலிகம்தான். பையன்களும் பெண்களும் சேர்ந்து படித்த அந்தப் பள்ளியில் ஆசிரியை அம்மா ஒருவர்தான்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பெண் பிள்ளைகளுக்கும் விளையாட்டில் சமமாக இடம் தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. விளையாட்டு ஆசிரியர் கைவிரித்துவிட, பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. அம்மா ஹாக்கி மட்டையை அதுவரை தொட்டதே இல்லை. புத்தகம் பார்த்து விதிகளைப் படித்தார்கள். பையன்கள் கழித்துப்போட்ட மட்டைகளுக்குச் சணல் சுற்றிக் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டுமே மைதானம் எங்களுக்கு. என்னையும் சேர்த்துப் பதினொரு பெண் பிள்ளைகள், அந்த வெயிலில் வெறுங்காலில் ஓடினோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாவும் ஓடுவார்கள். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த நாலு மாதம்தான்.

மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது பந்து பட்டு, எங்களில் ஒருத்தியான மாரியம்மாளின் முன்பற்கள் இரண்டு போயின. அவள் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார்.

"பல்லு போன பிள்ளைய யாரு டீச்சர் கட்டுவா?"

அதே மாதம் ஆட்டத்தில் ஒரு பையனுக்குக் கை ஒடிந்தது. அவர்கள் ஆட்டத்தை யாரும் நிறுத்தவில்லை. தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டபோது நான் அறை வாசலில் நின்றேன்.

"பொம்பளப் பிள்ளைகளுக்கே விளையாட விருப்பமில்லன்னு எழுதி வச்சிருக்கேன். உத்தரவுக்குப் பதில் போடணும்லா, ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எந்தப் பிள்ளை அப்படிச் சொன்னா சார்?"

"உங்க வேலை இன்னும் நிரந்தரமாகல. பாத்துக்கிடுங்க."

அம்மா கையெழுத்துப் போட்டார்கள். மேலிடமே நிறுத்திவிட்டது என்று மற்றப் பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. நானும் வாய் திறக்கவில்லை. பிறகு எப்போது விசாரணை வந்தாலும் அந்தத் தாளைக் காட்டியே பதில் போனது. மாரியம்மாள் படிப்பை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். அவள் வீட்டுக்கு அம்மா எத்தனையோ முறை நடந்தார்கள். உள்ளே விடவில்லை. நிரந்தரமான அந்த வேலையில்தான் நான் கல்லூரியில் படித்தேன்.

புற்றுநோயோடு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா சொன்னார்கள்: "ஏட்டி, நான்தான் கையெழுத்துப் போட்டேன்னு அந்தப் பிள்ளைககிட்ட சொல்லிரு."

"இப்பம் எதுக்கும்மா அது?"

"அவளுக மேலிடத்தயே நெனச்சு ஏசிக்கிட்டு இருப்பாளுக. என்னய ஏசட்டும்."

இரத்தம் கொடுத்தவர்களுக்கும், மாறி மாறிக் கூட இருந்த சித்திக்கும், மருத்துவருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

மாரியம்மாளிடம் போன வாரம் நேரில் போய்ச் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பல்லு இல்லாட்டாலும் விளையாட வாரேன்னுதான் சொல்லியிருப்பேன்."