தூங்கும்போது எடுத்த அளவு

வேலை நடக்கும் இடத்தில் அவளைக் குழாய் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காங்கிரீட் பம்பின் நுனியில் ஆள் தொடை பருமனுக்கு ஒரு ரப்பர் குழாய் தொங்கும். கலவை பாயும்போது அது சும்மா இருக்காது. உதறும், துள்ளும், பிடித்திருப்பவரைத் தள்ளிவிடப் பார்க்கும். அதைக் கட்டிப் பிடித்து, கம்பி வலைமேல் நடந்தபடியே, மூலை முடுக்கெல்லாம் கலவையைக் கொட்டவைப்பது அவள் வேலை. வாட்டசாட்டமான ஆண்கள் எத்தனையோ பேர் அரை நாளில் பெரிய கும்பிடு போட்டுவிட்டு ஓடிய வேலை. அவள் சட்டி சுமக்க வந்தவள். ஒருநாள் குழாய்க்காரனுக்குக் கால் சுளுக்கிக்கொள்ள, "நான் பிடிச்சுப் பாக்கட்டுமா அண்ணே?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள். அன்று பிடித்ததுதான், பிறகு விடவே இல்லை.

வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசமாட்டார். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாலே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். டேப்பை எடுப்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். தன் அளவு தப்பாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவரிடம் இருந்த ஒரே தலைக்கனம் அதுதான் என்பதால் அவளும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள். இருவர் பாதமும் ஏறக்குறைய ஒரே நீளம். காலை அவசரத்தில் செருப்பு மாறிப் போவது அந்த வீட்டில் வாடிக்கை.

மதியச் சாப்பாட்டை அவர்தான் கொண்டுவருவார். ஆனால் வாசல் கேட்டோடு சரி. பூட்ஸ் போடாத காலைக் காவலாளி உள்ளே விடமாட்டான். தலைக்கவசம் என்றால் இரவல் தருவான், பூட்ஸுக்கு எங்கே போவான்? அதனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை.

"அப்படி என்னதான் பண்றே அங்க?" என்று ஒருமுறை கேட்டார்.

"குழாய் பிடிக்கிறேன்."

"செடிக்குத் தண்ணி விடுற மாதிரியா?"

"அதே மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போய்ச் சிரித்துக்கொண்டாள்.

அவளுடைய பழைய பூட்ஸ் ஓரத்தில் வெடித்துவிட்டது. சிமெண்ட் தண்ணீர் பார்க்கத்தான் சாது. உள்ளே புகுந்து தோலில் ஊறினால் புண்ணாக்கிவிடும். வாங்கவேண்டும், வாங்கவேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்க, ஒரு மாலை அவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். கடையைப் பூட்டிவிட்டு ஊரெல்லாம் விசாரித்து வாங்கியிருந்தார். விரல்பக்கம் இரும்பு, ஆணி ஏறாத அடித்தகடு, கெண்டைக்காலை மூடும் உயரம், பொட்டுத் தண்ணீர் புகாத தையல். மாட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தாள்.

"அளவு கச்சிதம்!" என்றார், அவள் வாயைத் திறப்பதற்குள். கொஞ்சம் பிடித்ததுதான். போகப் போக இளகிவிடும் என்று நினைத்தாள். அவளுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

தோல் இளகும்தான். விரல்பக்கத்து இரும்பு எப்படி இளகும்? மறுநாள் மதியத்துக்குள் சுண்டுவிரல் இரண்டும் உயிர் போக வலித்தன. கம்பிமேல் அவள் நொண்டுவதை மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"ஏம்மா, சனிக்கிழமை மேல்தளம் மொத்தமும் ஊத்தணும். நடுவுல நிறுத்தினா ஒட்டு விழுந்து தளம் ஒழுகும். கால் சரியில்லன்னா இப்பவே சொல்லு, வேற ஆளைப் போட்டுடறேன். கோவிச்சுக்காதே."

"சரியாயிடும் அண்ணே," என்றாள். ஆனால் அவளுக்குத் தெரியும். ஒருதரம் கைமாறிய குழாய் திரும்பி வராது. அவள் கைக்கு அது வந்ததே அப்படித்தானே!

வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தையல்காரரிடம் போய் அளவு தப்பு என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் இவ்வளவு ஆசையாக வாங்கிவந்தவரிடம்? அதனால் ஒரு வேலை செய்தாள். காலையில் புது பூட்ஸோடு கிளம்பி, சிமெண்ட் மூட்டைக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பழசை மாட்டிக்கொண்டாள். மாலையில் திரும்பப் புதுசு. அது பளபளவென்று இருந்ததால், கலவையில் கொஞ்சம் கிள்ளி, குதிகாலில் ஒரு தீற்று, முனையில் நாலு சொட்டு என்று அவளே பூசினாள். இந்தத் திருட்டுத்தனத்தில் அவளுக்கு ஒரு குஷிகூட இருந்தது. பழைய பூட்ஸுக்குள் கால் வெந்துகொண்டிருந்ததுதான் குஷியைக் கெடுத்தது.

ஒரு மாலை அவள் குளித்துவிட்டு வந்தபோது, பூட்ஸைத் துடைக்க எடுத்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதைப் போட்டுக்கிட்டா வேலை பாக்குறே?"

"பின்ன?"

"குனிஞ்சு நிமிந்தா இந்த இடத்துல மடிப்பு விழணுமே. எங்க மடிப்பு?"

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"காலைக் காட்டு."

காட்டினாள். விரலிடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவர் பூட்ஸைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சின்னதா இருக்கா?"

தலையாட்டினாள்.

"நான் அளந்துதானே வாங்கினேன்."

"எப்பங்க அளந்தீங்க?"

"நீ தூங்கும்போது. வேற எப்ப நீ ஒரு இடத்துல இருக்கே?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. தன் காலடியில் குந்தி, தூக்கம் கலைந்துவிடாமல் டேப்பை வைத்திருப்பாரே இந்த மனுஷன்! அவர் மட்டும் சிரிக்கவில்லை. விலையுயர்ந்த துணியைத் தப்பாக வெட்டிவிட்டவர்போல முகம் தொங்கிப்போயிருந்தது.

"தூங்குற காலு வேற, வேலை செய்யுற காலு வேறயா?"

"ஆமாங்க. சாயங்காலம் வீங்கிடும். தடிச்ச சாக்ஸ் வேற. கனத்தைப் பிடிச்சா இன்னும் விரியும்."

"எவ்வளவு விரியும்?"

"யார் அளந்து பாத்தா?"

தையல்காரரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. எழுந்து போய்த் தையல் மிஷினின் தலையைக் கழற்றி எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். "பிடி, ஆடாதே." பழைய செய்தித்தாளை விரித்து, சாக்ஸ் போட்ட காலை அதன்மேல் வைத்து, சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டார். பிறகு, தூங்கும்போது எடுத்த அளவை அதற்குள்ளேயே வரைந்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவே அவர் கட்டைவிரல் அகலம் இருந்தது.

"அம்மாடி!" என்றார்.

உடனே பூட்ஸ் வாங்கிய கடைக்குப் போனார்கள். மாற்றித் தர முடியாது என்றுவிட்டார் கடைக்காரர். "சிமெண்ட் ஒட்டியிருக்கே. வேலைக்குப் போட்டதை எப்படிங்க எடுத்துக்குறது?"

"வேலைக்குப் போடலைங்க. நான்தான் பூசினேன்," என்றாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் புதிதாகவே ஒன்றைத் தேடினார்கள்.

இந்தமுறை அவளே தேர்ந்தெடுத்தாள். கையோடு கொண்டுவந்த வேலைச் சாக்ஸை மாட்டிக்கொண்டாள். உள்ளே விரல்களை ஆட்டிப் பார்த்தாள், குந்தினாள், எழுந்தாள், குதிகால் தூக்குகிறதா என்று நடந்தாள். கம்பிமேல் நிற்பதுபோல் படிக்கட்டின் விளிம்பில் நடுப்பாதத்தை வைத்து நின்றாள். அடித்தகடு வளையவில்லை.

"கனம் வேணுமே," என்றார் அவர், அக்கம்பக்கம் தேடி.

அவள் அவரையே இடுப்பில் பிடித்து அலாக்காகத் தூக்கிவிட்டாள்.

"ஏய், இறக்கு! ஆளுங்க பாக்குறாங்க!" என்று பதறியவர், மேலே இருந்தபடியே கேட்டார்: "விரல் இடிக்குதா?"

"இடிக்கலைங்க."

"சரி, இதுதான். இறக்கு இப்ப."

சனிக்கிழமை மேல்தளத்தில் அவள்தான் குழாயைப் பிடித்தாள். லாரிமேல் லாரியாகக் கலவை வந்தது. தனக்குக் கால் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மதியம், பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவன் கத்தினான்: "அக்கா, மாமா வந்திருக்காரு!"

திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டு வாசலில், இரவல் தலைக்கவசம் காதுவரை இறங்கியிருக்க, கையில் சாப்பாட்டு கேரியரோடு அவர் நின்றார். காலில், அவள் சிமெண்ட் பூசிய அந்த பூட்ஸ். குழாய் அவள் மார்பில் இடித்து உதறுவதையும், அவள் அதை அணைத்து அடக்கி ஓர் அடி ஓர் அடியாகப் பின்வாங்குவதையும் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி மாறும் இடைவெளியில் அவரிடம் போனாள். "எப்படிங்க உள்ள விட்டான்?"

"காலைப் பாத்தான், விட்டுட்டான். எனக்குக் கச்சிதமா இருக்கு." அவர் காலைத் தூக்கிக் காட்டினார். "படியில ஒருத்தன் நீ யாருன்னு கேட்டான். குழாய் அக்கா வீட்டுக்காரன்னு சொன்னேன்."

அவள் கையெல்லாம் கலவை. அவரே பிசைந்து ஊட்டினார். சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை.

"செடிக்குத் தண்ணி விடுறேன்னு சொன்னியே," என்றார் மெல்ல.

"அடுத்த லாரி வந்துடுச்சு. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். தளம் முழுக்க முடியும்வரை அங்கேயே நின்றார். அன்று தையல் கடை திறக்கவில்லை.