ஜாலானும் ஜாலாங்கும்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றின் முன் மலேசியப் பெரியவர் ஒருவர், கைபேசியில் மனைவியின் படத்தைக் காட்டி, "ஜாலாங், ஜாலாங்" என்று பதறுகிறார்.

"சேச்சிக்கு மலாய் அறியுமே, இவரு என்ன பறயுறாரு?" என்கிறார் என்னை அழைத்துவந்த ஆட்டோக்காரர் முருகன்.

கோலாலம்பூரில் நான் கற்ற மலாயில் அது நடத்தை கெட்டவள் என்ற வசை. கட்டிய மனைவியையா? மறுபடி சொல்லச் சொல்கிறேன். பெரியவர் என் குறிப்பேட்டை வாங்கி எழுதுகிறார்: 'ஜாலான்'. அப்படியானால் அவர் மலேசியாவின் கிழக்குக் கரையில் உள்ள திராங்கானுக்காரர். அங்கே சொல்லின் கடைசி 'ன்' எல்லாம் 'ங்' ஆகிவிடும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் ஜாலான் என்றால் தெரு. நடப்பதற்கும் அதே சொல்தான். வழி கேட்கிறாரா, அவள் நடந்து போய்விட்டாள் என்கிறாரா? 

அதற்குள் எதிர்ச் சந்திலிருந்து அந்த அம்மாவே வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"இது எனக்கு மனசிலாயி, சேச்சி" என்று சிரிக்கிறார் முருகன்.